காஷ்பர் அணைத்த அடுப்பு

வெரோனாவின் அடுப்பு மூன்று வருஷமாக ஆறியதே கிடையாது. அவளுடைய கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல முடியாது. ஆறுவதற்கு அதற்கு நேரம் கிடைத்தால்தானே! கார்ஸன் துறை இரும்பாலையில் பகல் முறை, இரவு முறை என்று இரண்டு. அவள் வீட்டில் தங்கிச் சாப்பிடுகிறவர்கள் எட்டுப் பேர். பாதிப் பேர் பகல், பாதிப் பேர் இரவு. காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதினால் நாலு தூக்குவாளி வாசலைத் தாண்டி வெளியே போகும். நாலு பசித்த வயிறு உள்ளே வரும். சாயங்காலச் சங்குக்கு அதுவே தலைகீழாக நடக்கும். நடுவில் அவள் ரொட்டி சுடுவாள், முட்டைக்கோஸ் சூப் கொதிக்கவிடுவாள், கரி படிந்த சட்டைகளை வேகவைத்துத் துவைப்பாள். எல்லாம் அந்த ஒரே வார்ப்பிரும்பு அடுப்பில்தான்.

கட்டிலும் அப்படித்தான். எட்டுப் பேருக்கு நாலே கட்டில். பகல்காரன் எழுந்துபோன சூட்டிலேயே இரவுக்காரன் வந்து விழுவான். ஸ்லோவாக்கிய மலைக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்த ஜனம், இப்படி ஒரு படுக்கையை ஊரில் கனவில்கூடக் கண்டதில்லை. ஆனால் ஆலை நின்ற மொனொங்கஹேலா ஆற்றங்கரைக்கு வந்த ஒரு மாசத்தில் எல்லாம் பழகிவிட்டது. வயிறு பழக்கினால் எதுதான் பழகாது?

மாடியில் ஜன்னலோரக் கட்டில் காஷ்பருக்கும் இம்ரிக்குக்கும். காஷ்பர் ஐம்பதைத் தொடுகிற ஆள், இரவு முறை, கொதிகலனுக்குக் கரி தள்ளுகிறவன். இம்ரிக் கல்யாணமாகி ஆறே மாசத்தில் மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்த இளவட்டம், பகல் முறை. இரண்டு வருஷமாக ஒரே வைக்கோல் மெத்தையில் புரண்டும் இரண்டு பேரும் நின்று பேசிக்கொண்டது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மற்ற நாட்களில் சண்டையெல்லாம் வெரோனா வழியாகத்தான் போகும், வரும்.

"வீட்டம்மா, அந்தப் பய கிட்டச் சொல்லி வைங்க. மெத்தையில உக்காந்து ரொட்டி திங்க வேணாம்னு. ராத்திரி பூரா உலை முன்னால வெந்துட்டு வந்து படுத்தா முதுகெல்லாம் துணுக்கு குத்துது."

சாயங்காலம் அதற்குப் பதில் வரும்.

"பெரியவரு கிட்டச் சொல்லுங்க வீட்டம்மா. அவரு விடற சுருட்டு நாத்தத்துல என் கனவுல என் பொண்டாட்டி கூட வரமாட்டேங்கிறா."

இறைச்சி விஷயத்திலும் அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அவரவர் இறைச்சியை அவரவர் வாங்கி வரவேண்டும். வேகவைப்பது ஒரே பானையில். யார் துண்டு எது என்று தெரிய, ஒவ்வொன்றிலும் ஒரு நிறக் கயிறு கட்டி, நுனியைப் பானைக்கு வெளியே தொங்கவிடுவாள் வெரோனா. இம்ரிக்குக்குச் சிவப்பு, காஷ்பருக்கு நீலம். கயிறு மாறினால் அன்றைக்கு வீடு இரண்டுபடும்.

ஜூலையில் கம்பெனி கூலியைக் குறைத்தது. சங்கத்தையே ஒத்துக்கொள்ள முடியாது என்றும் சொல்லிற்று. ஆலை வாசல் மூடியது. கம்பெனி வேலி கட்டியது, வேலிக்கு உள்ளே காவலாளிகளைக் கொண்டுவந்து வைத்தது. இங்கிலீஷ்காரர்களின் சங்கம் ஸ்லோவாக்குகளை அதுவரை ஆளாக மதித்ததில்லை. ஆனால் வேலையை நிறுத்து என்றதும் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது, ஸ்லோவாக்குகளின் கம்பெனி வீடுகள் இருந்த பின்சந்து வரிசைதான். வெரோனாவின் கணவன் யாங்கோ மறியல் கூட்டத்தில் ஒருவன். அதிகம் பேசமாட்டான். ஒரு வார்த்தை சொன்னால் அதில் நிற்பான்.

வேலை நின்றதும் வந்த முதல் தலைவலி யாரும் எதிர்பாராதது. எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் வீட்டில் இருந்தார்கள். கட்டில் நாலு. முதல் ராத்திரி கட்டிலுக்கு இரண்டு பேராகப் படுத்துப் பார்த்தார்கள். நடு ராத்திரியில் காஷ்பர் இம்ரிக்கை உதைத்தானா, இம்ரிக் காஷ்பரைத் தள்ளினானா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. காலையில் வெரோனா இடுப்பில் கை வைத்துத் தீர்ப்புச் சொன்னாள்.

"பழையபடி முறையே இருக்கட்டும். ராத்திரிக்காரங்க பகல்ல தூங்குங்க, பகல்காரங்க ராத்திரியில தூங்குங்க. வேல இல்லாட்டி என்ன, தூக்கத்துக்கு முறை இல்லாமப் போயிடுமா?"

இப்படியாக உலகத்திலேயே வேலையில்லாமல் இரண்டு முறை பார்க்கிற வீடு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இலை உதிர்ந்தது. ஆற்றுப் பனி சந்துக்குள் ஏறி வந்தது. இறைச்சி போய், உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் மட்டும் மிஞ்சின. கயிறுகள் ஆணியில் சும்மா தொங்கின. வெரோனாவுக்கு இது நிறைமாசம். முதல் குழந்தை நாலு வருஷத்துக்கு முன்னால், இதற்கு முன்பு இருந்த ஆற்றோரத் தகரக் கொட்டகையில், ஜனவரிக் குளிரில் பிறந்து அந்த வாரமே போய்விட்டது. குளிர்தான் கொண்டுபோயிற்று என்று அவளுக்குத் தெரியும். அதனால் இந்தத் தடவை அவளுக்கு இருந்த ஒரே ஆசை, இந்தப் பிள்ளை நாலு சுவருக்குள்ளே, அந்த அடுப்புக்குப் பக்கத்தில் பிறக்கவேண்டும் என்பதுதான். சுவரோ கம்பெனியுடையது. அடுப்பு மட்டும்தான் அவளுடையது.

நவம்பர் தொடக்கத்தில் ஷெரீஃபின் சேவகன் ஹிக்ஸ் வந்தான். அவன் கெட்டவன் இல்லை. அந்த ஊரிலேயே பிறந்தவன், விதவைத் தாயோடு இருப்பவன், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் பேசுவான்.

"வீட்டைக் காலி பண்ணணும்மா. கம்பெனி உத்தரவு. சாமானை வெளியில வெச்சுட்டுக் கதவைப் பூட்டணும்."

வெரோனாவுக்கு அவன் பாஷை பாதிதான் புரியும். ஆனால் பூட்டு என்கிற வார்த்தை எந்த பாஷையிலும் புரியும். அடுப்பில் சூப் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவள் ஒதுங்கி நின்று கையை நீட்டினாள்.

"எடுத்துக்கிட்டுப் போ. முதல்ல அதை எடு."

ஹிக்ஸ் அடுப்பில் கை வைத்தான். "ஐயோ!" என்று கையை உதறினான். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த காஷ்பர் சிரிக்காமல் கேட்டான்.

"தம்பி, கரியை அள்ளி வெளியில கொட்டப்போறீங்களா? பலகைத் தரை பாத்துக்கங்க. ஒரு கங்கு விழுந்தாப் போதும், வரிசை பூரா எரியும். அப்புறம் கம்பெனி வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

ஹிக்ஸ் அடுப்பைப் பார்த்தான். சுற்றிக் கை கட்டி நின்ற ஆண்களைப் பார்த்தான். வெரோனாவின் வயிற்றைப் பார்த்தான். அவனுக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

"சரி, ஆறட்டும். ஆறினதும் வர்றேன்" என்றான். வாசலில் நின்று திரும்பினான். "உங்க வீட்ல இருந்து ஒரே ஒரு ஆள் வேலைக்கு உள்ள போனாலும் போதும்மா. வீடு உங்களுக்குத்தான்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. ஒரே ஒரு ஆள்."

அன்றிலிருந்து அடுப்பை ஆறவிடாமல் காப்பதுதான் அந்த வீட்டின் வேலை. பகல்காரர்கள் ரயில் பாதையில் சிந்திய கரியைப் பொறுக்கி வந்தார்கள். இரவில் காஷ்பர் காவல். கொதிகலன் முன்னால் காய்ந்த ஆளுக்கு ஒரு வீட்டு அடுப்பு எம்மாத்திரம்! ஸ்டூலைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்து, கதவைத் திறப்பதும் கரியைச் சீராகப் பரப்புவதுமாக, ஆலையில் காட்டாத அக்கறையை அந்தச் சின்ன அடுப்பிடம் காட்டினான்.

"வீட்டம்மா, நீங்க போய்ப் படுங்க. இந்தக் காஷ்பர் உசிரோட இருக்கிற வரைக்கும் இந்த நெருப்பு அணையாது."

ஹிக்ஸ் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தான். அடுப்பின் மேல் உள்ளங்கையைத் தூர வைத்துப் பார்ப்பான். "இன்னும் சூடா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விடுவான். ஒருநாள் மழையில் நனைந்து வந்தவனுக்கு வெரோனா ஒரு கிண்ணம் சூப் கூடக் கொடுத்தாள்.

"ஏண்டி, உன்னைத் தெருவுல தள்ள வர்றவனுக்கு சூப்பா? நல்லாயிருக்குடி உன் நியாயம்!" என்றாள் போர்கா. செருப்புத் தைக்கிறவனின் மனைவி. கடைக்கு மேலே ஒரே அறையில் ஆறு பிள்ளைகளோடு குடித்தனம். வரிசையில் பாதிப் பிள்ளைகளை அவள்தான் பிரசவம் பார்த்து எடுத்தவள், அந்த உரிமையில் யாரையும் எதுவும் கேட்பாள்.

"அவன் என்ன பண்ணுவான், பாவம்."

"பாவம் பாக்கிறவ வாசல்லதான் பாவம் வந்து நிக்கும். அது கிடக்கட்டும். உங்க வீட்டு இம்ரிக் பய முகமே சரியில்லையே. காவக்காரன் கூட நின்னு பேசினான்னு பொம்பளைங்க சொல்றாளுங்க."

"ஊரு வாயை மூட உலைமூடி இல்லக்கா."

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, வெரோனாவால் போர்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏனென்றால் அது உண்மை.

முந்தின நாள்தான் இம்ரிக் தெருக்குழாயடியில் அவளிடம் வந்தான். அவள் தூக்கிய வாளியைத் தான் வாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்துப் பேசினான்.

"வீட்டம்மா, ஈஸ்டருக்குள்ள அவளைக் கூட்டிக்கிறேன்னு சொல்லியிருந்தேன். இனிமே எப்படிங்க? அஞ்சு மாசம் ஆச்சு. இங்கிலீஷ்காரங்களே ஒவ்வொருத்தனா வேலைக்குத் திரும்பப்போறாங்கன்னு பேசிக்கிறாங்க. நாம மட்டும் கடைசி வரைக்கும் நின்னு என்னத்தக் கண்டோம்?"

அவன் வாளியைக் கீழே வைத்தான்.

"திங்கக்கிழமை சங்கு ஊதும்னு காவக்காரன் சொன்னான். நான் போயிடறேன். என் தூக்குவாளியில ஏதாவது போட்டு வெச்சிருங்க. அண்ணனுக்குத் தெரிய வேணாம். உங்களுக்கும் வீடு தங்கும். அந்த ஹிக்ஸ்தான் ஒரு ஆள் போதும்னு சொன்னானே."

யாங்கோவைத்தான் அண்ணன் என்றான். யாங்கோவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று வெரோனா நினைத்துப் பார்த்தாள். அப்புறம் வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. தகரக் கொட்டகையும் அந்த ஜனவரியும் ஞாபகம் வந்தன.

"போகாதே"ன்னு சொல்ல வாய் வரவில்லை. "போ"ன்னும் வரவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் இம்ரிக்கின் தூக்குவாளியை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். மாசக்கணக்காகத் தூசி பிடித்துக் கிடந்த வாளி. காஷ்பர் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் வெட்கத்தில் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வாளியில் எதைப் போடுவது, போடுவதா வேண்டாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தவள், ராத்திரி பூரா புரண்டு, விடியும் நேரத்தில்தான் அசந்து தூங்கினாள்.

அவள் கண் விழித்தது குளிரில்.

மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் அவள் குளிர்ந்து விழித்ததில்லை. வெளியே வெளிச்சம் பரவியிருந்தது. யாங்கோ ஆற்றுப் பக்க மறியலிலிருந்து இன்னும் திரும்பவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுப்புக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பொட்டு நெருப்பில்லை. கங்கெல்லாம் வெளியே இழுக்கப்பட்டு, சாம்பல் தொட்டியில் தண்ணீர் தெளித்து, ஒழுங்காகக் குவிக்கப்பட்டிருந்தது. கரி கிளறும் கம்பி துடைத்து மாட்டப்பட்டிருந்தது. அவ்வளவு சுத்தமாக அணைக்கப்பட்டிருந்தது அடுப்பு. இம்ரிக்கின் தூக்குவாளியைக் காணோம்.

"காஷ்பர் அண்ணே!"

மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் காஷ்பர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். உலுக்கினாள்.

"என்ன... என்ன வீட்டம்மா? என் முறை முடிஞ்சுதே. சங்கு ஊதிச்சே."

"சங்கா?"

"ஆமா, ஊதிச்சு. நான் உலையை இழுத்துக் கொட்டிட்டு, சாம்பல வாரிட்டு, மேல வந்து இம்ரிக்க எழுப்பி விட்டுட்டு..." எழுந்து உட்கார்ந்தான். தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஐயோ. ஐயோ தாயி. நான் என்ன காரியம் பண்ணிட்டேன்!"

பதினோரு வருஷம். சங்கு ஊதியதும் உலை நெருப்பை வெளியே இழுத்து, உலையின் கம்பித்தட்டைச் சுத்தமாக அடுத்த முறைக்காரனிடம் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் அபராதம். ஜூலையிலிருந்து ஊமையாகக் கிடந்த சங்கு இன்று விடியலில் ஊதியிருக்கிறது. அரைத்தூக்கத்தில் ஸ்டூலில் இருந்தவனின் காது கேட்டது, கை எழுந்தது, வேலையை முடித்தது. மூளையை யார் கேட்டார்கள்?

"இம்ரிக் எங்கண்ணே?"

"எழுப்பினேன். எழுந்தான். பூட்ஸைப் போட்டான். இறங்கிப் போனான்." காஷ்பர் மாடிப்படிப் பக்கம் கை காட்டினான். "நானே அவனை எழுப்பி அனுப்பிட்டேன் தாயி."

வெரோனா கீழே இறங்கினாள். விறகு தேடினாள். ஈரக் கங்கை ஊதிப் பார்த்தாள். தீப்பெட்டியில் இருந்ததெல்லாம் எரிந்துபோன குச்சி. பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கலாம் என்று கதவைத் திறந்தால், வாசலில் வண்டி நிற்கிறது. ஹிக்ஸ், கூட இரண்டு பேர்.

ஹிக்ஸ் வழக்கம்போல உள்ளே வந்தான். வழக்கம்போல உள்ளங்கையை அடுப்பின் மேல் தூர வைத்தான். பிறகு கொஞ்சம் கிட்டே. பிறகு தகட்டின் மேலேயே வைத்துவிட்டான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"என்னம்மா, ஆறிப்போயிருக்கே!" என்றான். கோபித்துக்கொள்வது போல இருந்தது அவன் குரல்.

அவள் திறந்து கிடந்த அடுப்புக் கதவைச் சாத்தினாள்.

சாமான் ஒவ்வொன்றாக வெளியே போயிற்று. கட்டில்கள், வைக்கோல் மெத்தைகள், மாதா படம், முட்டைக்கோஸ் பீப்பாய். சந்தில் ஈரப்பனி தூற ஆரம்பித்தது. வரிசைப் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு கூடினார்கள். யாங்கோ ஓடி வந்தான். அணைந்த அடுப்பைப் பார்த்தான், மெத்தையின் மேல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த காஷ்பரைப் பார்த்தான். தன் கோட்டைக் கழற்றி வெரோனாவின் தோளில் போட்டான். கடைசியில் அடுப்பையும் மூன்று பேர் முக்கி முனகித் தூக்கி, தெருக்குழாய் பக்கத்துச் சேற்றில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

போர்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"கேட்டியாடி? உங்க இம்ரிக் தூக்குவாளியோட ஆலை வாசல் பக்கம் போனானாம். காவக்காரன் கதவைத் திறந்துவிட்டானாம். கண்ணால பாத்தவ சொல்றா. கருங்காலிப் பய! உன் கையால தின்னுட்டு!"

யாங்கோவின் முகம் கறுத்தது. காஷ்பர் தலையை இன்னும் கீழே போட்டான்.

ஹிக்ஸ் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றான். பூட்டவில்லை. போர்கா ஸ்லோவாக்கில் சொன்னது அவனுக்குப் புரியவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெரோனா அருகே வந்தான்.

"அம்மா, இன்னிக்குச் சங்கு ஊதிருக்கு. சில பேர் உள்ள போயிருக்காங்க. உங்க வீட்டு ஆள் யாராவது போயிருந்தா ஒரு பேரை மட்டும் சொல்லுங்க. இப்பவே எல்லாத்தையும் திரும்ப உள்ள வெச்சுடறேன். அடுப்பையும்தான். ஒரே ஒரு பேர்."

வெரோனாவுக்கு இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. பேர் நாக்கு நுனியில் இருந்தது. வாளியைத் தேய்த்துக் கழுவி வைத்தவளே அவள்தானே! அவன் போய்விட்டான், ஊரே பார்த்திருக்கிறது, அவள் சொன்னால் மட்டும் அவன் புதிதாகவா கெட்டுப்போகப் போகிறான்? இடுப்பில் ஒரு வலி சுருக்கென்று பிடித்து விட்டது. பிள்ளைக்கு நாலு சுவர் வேண்டும். கதவு இன்னும் திறந்துதான் இருந்தது.

அவள் யாங்கோவைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என்ன சொன்னாலும் அவன் குறை சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளைக் கொன்றது. அந்தப் பேரைச் சொன்னால், இம்ரிக்கின் மனைவி என்றைக்காவது கப்பலிலிருந்து இறங்கி இந்தத் தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு கதவும் சாத்திக்கொள்ளும். அந்தப் பேரை விற்று வாங்கிய சுவருக்குள் தன் பிள்ளை பிறக்கும். வேண்டாம்டா சாமி.

"இல்ல" என்றாள். "எங்க வீட்ல இருந்து யாரும் போகல."

"அம்மா, நல்லா யோசிச்சு..."

"யாரும் போகல. நீ பூட்டு."

ஹிக்ஸ் பூட்டினான். பூட்டு விழுந்த சத்தம் சின்னதுதான். யாங்கோ வெரோனாவைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

வண்டி திரும்பிச் சந்து முனைக்குப் போயிற்று. அங்கே யாரோ ஒருவனுக்கு வழிவிட்டு ஒதுங்கியது. வந்தவன் உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்து, தூக்குவாளியைத் தன்னைவிட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தான். வாளியின் மூடி இடுக்கிலிருந்து புகை வந்தது.

"தள்ளுங்க, தள்ளுங்க! கையைச் சுடுது!"

இம்ரிக்தான். யாரையும் பார்க்காமல் நேராகச் சேற்றில் நின்ற அடுப்பிடம் போனான். கதவைத் திறந்து வாளியைக் கவிழ்த்தான். சிவந்த கங்குகள் கலகலவென்று உள்ளே விழுந்தன. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி விசிறினான். கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. காஷ்பர் எழுந்து வந்தான்.

"ஏதுடா இது?"

"கம்பெனி நெருப்பு. வாசல்ல காவக்காரங்க பீப்பாயில போட்டுக் காஞ்சிட்டிருந்தாங்க." மூச்சு வாங்கியது அவனுக்கு. "சங்கு ஊதிச்சு, நீங்க இடிச்சீங்க, கால் தன்னால போயிடுச்சு பெரியவரே. போகணும்னுதான் இருந்தேன், அதையும் சொல்லிடறேன். வாசலுக்கு வெளியில ரொம்ப நேரம் நின்னேன். கதவைத் திறந்துவிட்டான். உள்ள ஒரு கால வைக்கப் போறேன், வாளி லேசா இருக்கு. திறந்து பாத்தா ஒண்ணுமில்ல. வீட்டம்மா எந்திரிக்கலையா, ஏன் எந்திரிக்கலன்னு யோசிச்சப்பத்தான், சமையக்கட்டுல வெளிச்சமே இல்லாம இருட்டா இருந்தது உறைச்சுது. அடுப்பு அணைஞ்சிருக்கு. அப்படின்னா ஹிக்ஸ் வருவான்." தொப்பியைக் கீழே போட்டான். "குளிருதுன்னு சொல்லிக் கொஞ்சம் கங்கு கேட்டேன். வேலைக்கு வந்தவன்தானேன்னு காவக்காரனே அள்ளிப் போட்டான். வாங்கிட்டுத் திரும்பி ஓடியாந்துட்டேன். அவன் பின்னாலிருந்து திட்டினான். லேட்டாயிடுச்சு வீட்டம்மா. லேட்டாயிடுச்சு."

அவன் பூட்டைப் பார்த்துவிட்டு அழுதான். அத்தனை பேர் நடுவில், அவ்வளவு பெரிய ஆள்.

வெரோனா அவனையே பார்த்தாள். யாரும் போகவில்லை என்று அவள் சொன்னது பொய். சொன்ன வாய் மூடுவதற்குள் அவன் அதை உண்மையாக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அழாதடா. முதல்ல கரியைப் போடு, கங்கு அணைஞ்சுடப் போகுது" என்றாள்.

காஷ்பர் குனிந்து கம்பியைத் தேடினான்.

அன்றைக்குப் பகல் பூராவும் பின்சந்து நடுத்தெருவில் ஒரு சமையலறை நடந்தது. கட்டில்களை நிமிர்த்தி நிறுத்திப் போர்வை போட்டுக் காற்றை மறைத்தார்கள். புகைக்குழாயைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முந்தானையில் ஒரு கை கரி வந்தது. தங்களைப் பார்த்தாலே மூக்கைச் சுளிக்கிற இங்கிலீஷ்காரத் தெருவிலிருந்துகூட ஒருத்தி வந்து, பேசாமல் ஒரு கூடை கரியை வைத்துவிட்டுப் போனாள். போர்கா ஒரு பன்றித் தொடை எலும்பைக் கொண்டுவந்து பானையில் போட்டாள்.

"கயிறெல்லாம் ஆணியிலேயே மாட்டிக்கிச்சே, உள்ள" என்றாள் வெரோனா.

"ஒரு எலும்புக்கு எட்டுக் கயிறு கட்டப்போறியா? அவனவன் மோந்து பாத்துக்கட்டும்" என்றாள் போர்கா. "சும்மா நிக்காதடி. வலி எடுக்குதுல்ல, எனக்குத் தெரியாதா? வா என் வீட்டுக்கு. என் பிள்ளைங்களோட இதுவும் ஒண்ணு. சுவரு நாலு இருக்கு, எண்ணிப் பாத்துக்கோ."

"சூப் வேகட்டுங்க்கா. எல்லாரும் ஒருவாய் குடிக்கட்டும்."

"பிடிவாதக்காரி."

இருட்டத் தொடங்கியது. கிண்ணங்கள் கைமாறின. ஈரப்பனி போர்வையின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அடுப்பு மட்டும் சிவந்து நின்றது.

அப்போது ஆலையில் சங்கு ஊதியது. சாயங்காலச் சங்கு, நீளமாக.

மெத்தையில் உட்கார்ந்திருந்த இம்ரிக், வேலை முடிந்து படுக்க வந்தவன்போலப் பாதி சாய்ந்தவன், அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தான். காஷ்பரின் வலது கை தானாக நீண்டு கம்பியை எட்டியது. எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். காஷ்பரும் பார்த்தான். யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு மெதுவாக அதை இழுத்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் நன்றாக அழுந்தி உட்கார்ந்துகொண்டான். சங்கு ஓயும்வரை அசையவில்லை.

யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் தெருவே சிரித்தது. காஷ்பர் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தாடியில் கண்ணீர் இறங்கியது.

வெரோனாவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வலியாக மாறி, போர்காவின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப போகலாங்க்கா."

யாங்கோ ஒரு பக்கமும் போர்கா ஒரு பக்கமும் தாங்கிக்கொண்டார்கள். ரெண்டு அடி வைத்தவள் நின்று திரும்பினாள். அடுப்பைச் சுற்றி நின்றவர்களில் இம்ரிக் இருந்தான், மற்ற ஆறு பேரும் இருந்தார்கள். அவள் அவர்களில் யாரையும் கூப்பிடவில்லை, காஷ்பரைத்தான் கூப்பிட்டாள்.

"காஷ்பர் அண்ணே."

"தாயி?"

"பிள்ளைக்கு வெந்நி வேணும். ராத்திரி பூரா வேணும். அடுப்பை நீங்கதான் பாத்துக்கணும்."

காஷ்பர் தொடைக்கு அடியிலிருந்து கைகளை வெளியே எடுத்தான்.